மலையில் பண்ணைவீட்டு பீர்: ருசித்து மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

சேசோன் என்ற பெல்ஜியப் பண்ணைவீட்டு பீரைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். விநோதமான வாசனை வந்தாலே அது உசத்தியான பண்ணைவீட்டு பீர் என்பது ஒரு கட்சி. கெட்டுப்போன பீருக்கு பிரெஞ்சுப் பெயர் வைத்து இரண்டு மடங்கு விலை வாங்குகிறார்கள் என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் கிளாஸில் இருப்பதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் கட்சி. சேசோனுக்குக் கறாரான இலக்கணம் உண்டு. விழுங்கியதும் நாக்கில் இனிப்பு தங்கக்கூடாது, குமிழி துள்ள வேண்டும், வாசனையை ஈஸ்ட் நடத்த வேண்டும். இந்த மூன்றையும் வைத்துத்தான் மற்றதை எடைபோட வேண்டும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீட்டிலோ விடுதியிலோ நாலு பேர் உட்கார்ந்து ஒரு பாட்டிலை நிதானமாக ருசித்துப் பார்ப்பதற்கான வழிகாட்டி இது. சமவெளிக்கென்று எழுதிய குறிப்புகள் இங்கே அப்படியே பொருந்தாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். அதனால் நுரையின் நடத்தை மாறும், கிளாஸ் சூடேறும் வேகம் மாறும், நம் மூக்கும் மாறும். தமிழ்நாட்டில் மது வாங்கவும் அருந்தவும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எதைத் தேடுகிறோம்

பெல்ஜியத்தின் தெற்கில், பிரெஞ்சு பேசும் வல்லோனியாவில் எனோ மாகாணம் இருக்கிறது. சேசோனின் ஊர் அது. குளிர்காலத்தில் பண்ணையில் காய்ச்சி வைத்து, கோடையில் வயல்வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்த பீர் என்று கதை சொல்வார்கள். அப்படியே இருந்தாலும் அன்று கொடுத்தது இன்று பாட்டிலில் வருவதைவிட ஆல்கஹால் குறைந்த சரக்காகத்தான் இருந்திருக்கும். 6.5 சதவீதத்தை மதியம் குடித்துவிட்டு யாரும் கதிர் அறுக்க முடியாது. இன்று உலகம் முழுக்க அளவுகோலாக வைத்துக்கொள்வது தூர்ப் கிராமத்தின் துபோன் புரூவரியின் சேசோனை. 1844 முதல் அந்தப் பண்ணையில் பீர் காய்ச்சுகிறார்கள். 1920 முதல் துபோன் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

பீர் போட்டி நடுவர்கள் பின்பற்றும் பி.ஜே.சி.பி. வரையறை சாதாரண சேசோனுக்கு 5 முதல் 7 சதவீதம் ஆல்கஹால் சொல்கிறது. கசப்பை அளக்கும் ஐ.பி.யு. அலகில் 20 முதல் 35. நொதித்து முடிந்தபின் அடர்த்தி 1.002 முதல் 1.008. இந்தக் கடைசி எண்தான் முக்கியம். தண்ணீரின் அடர்த்தி 1.000, ஆக, பீரில் சர்க்கரை மிச்சம் கிட்டத்தட்ட இல்லை என்று பொருள். பல சேசோன் ஈஸ்ட்கள் டயஸ்டாட்டிகஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. மற்ற ஈஸ்ட் தொடமுடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் நொதி சுரந்து உடைத்துத் தின்றுவிடும். நாக்கு உலர்வதன் காரணம் அது.

இந்த ஈஸ்ட்டுக்கு வெயில் பிடிக்கும். துபோன் வழி வந்த ஈஸ்ட்டை 30 டிகிரியைத் தாண்டியும் நொதிக்க விடுவார்கள். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் புரூவரி வைத்தது குளிர்ச்சியை நம்பித்தான். அங்கே இருந்த ‘காஸில்’ (Castle) புரூவரியும் நீலகிரிஸ் புரூவரியும்தான் 1915இல் தாமஸ் லீஷ்மன் வேறு சில புரூவரிகளோடு சேர்த்து உருவாக்கிய யுனைட்டெட் புரூவரிஸில் கலந்தன. சேசோனுக்கோ ஊட்டிக் குளிர் ஆகாது. அதைக் காய்ச்ச மதுரையும் குடிக்க ஊட்டியும் என்று பிரித்துக்கொண்டால் சரியாக இருக்கும்!

ஒரு எச்சரிக்கை. பண்ணைவீட்டு பீர் என்ற குடையின் கீழ் வேறு சரக்கும் உண்டு. வட பிரான்சின் பியேர் தெ கார்த், மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சுவை முன்னால் நிற்கும் பீர். அதில் லேசான இனிப்பு குறையாகாது. ஃபின்லாந்தின் சாத்தி கனமானது, நுரை குறைவு, ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் மணம் வரும். நார்வேயின் க்வைக் ஈஸ்ட்டில் செய்தது ஆரஞ்சு மணக்கும். லேபிளைப் படித்து எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொண்ட பிறகே மதிப்பிட உட்காருங்கள். கீழே சொல்வதெல்லாம் சேசோனுக்கானது.

பாட்டில் மலையேறும்போது

டாஸ்மாக்கில் சேசோனை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே அடுக்கியிருப்பது பெரும்பாலும் லாகர் என்ற வழக்கமான பீர், அதிலும் ஸ்ட்ராங். பெங்களூரிலோ புதுச்சேரியிலோ இருக்கும் சிறு புரூவரிகள், இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர், இவைதான் வழி. மாநில எல்லை தாண்டி மது கொண்டுவருவதற்கு விதிகள் உண்டு. கக்கநல்லா சோதனைச் சாவடியில் நின்று வாதாடுவதைவிட முன்கூட்டியே விசாரித்து, பில்லைக் கையில் வைத்திருப்பது நல்லது.

புரூவரியில் குழாயிலிருந்து க்ரௌலர் ஜாடியில் பிடித்துவந்தால் அதைக் குளிரிலேயே வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். வாயுவும் வாசனையும் அதற்கு மேல் நிற்காது. அப்படிப்பட்ட பீரில் குமிழி குறைந்திருந்தால் பழியைப் புரூவரி மேல் போடுவது நியாயமில்லை. பாட்டிலுக்குள்ளேயே மறுநொதித்தல் செய்தது என்றால் கதை வேறு. அது மாதக்கணக்கில் தாங்கும். சில மாதம் கழித்துக் குடித்தால் இன்னும் மெருகேறியும் இருக்கும்.

மைசூரிலிருந்து வந்தால் மசினகுடி தாண்டி கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. பழனியிலிருந்தோ வத்தலகுண்டிலிருந்தோ கொடைக்கானல் ஏறினாலும் குலுக்கலுக்குக் குறைவில்லை. அடியில் படிந்த ஈஸ்ட் முழுக்கக் கலங்கியிருக்கும். வந்த அன்றே திறக்காமல், நிமிர்த்தி வைத்து இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள்.

வெளிச்சமும் எதிரிதான். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் கடுமையாகும்; குளிர் இருப்பதால் வெயில் உறைப்பது நமக்குத் தெரிவதில்லை. பச்சை அல்லது வெள்ளை பாட்டிலைப் புல்வெளியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் ஒளிபட்டு உடைந்து கந்தக வாடை கிளம்பும். சில நிமிடம் போதும். பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும். எதுவானாலும் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள்.

அறை, கிளாஸ், மூக்கு

மலையில் பீரை ருசிப்பதற்கு முதல் தடை நீலகிரித் தைலம். சளிக்கு நெஞ்சில் தடவியிருப்பார்கள், விடுதிக்காரர் அறையில் தெளித்திருப்பார், தலையணையில்கூட வாடை இருக்கும். அந்த யூகலிப்டஸ் காட்டம் மூக்கில் ஏறிவிட்டால் சேசோனின் மிளகும் எலுமிச்சையும் தெரியவே தெரியாது. இரண்டாவது, கம்பளியின் ரசகற்பூர வாடை. மூன்றாவது, கணப்பில் எரியும் விறகுப் புகை. ருசிக்கும் அறையை அரை மணி நேரம் முன்பே திறந்துவிட்டுக் காற்றாட விடுங்கள். ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி, டீ, சிகரெட், வெற்றிலை எல்லாவற்றையும் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். சாக்லேட்டின் கொழுப்பு நாக்கில் படிந்தால் எந்த பீரும் தட்டையாகவே தெரியும்.

குளிரில் மூக்கு அடைப்பது இன்னொரு தொல்லை. சளி இருக்கிற அன்றைக்கு மதிப்பெண் போட வேண்டாம். குடிக்கலாம், தீர்ப்பு சொல்லக்கூடாது. வெளியில் நடந்துவிட்டு நேராக உட்காராமல், வெந்நீர் குடித்து, மூக்கு சாதாரண நிலைக்கு வரும்வரை பொறுங்கள்.

கிளாஸ், வயிறு பருத்து வாய் சற்றுக் குறுகியதாக இருக்க வேண்டும். டியூலிப் கிளாஸ் இல்லாவிட்டால் ஒயின் கிளாஸ் தாராளமாகப் போதும். சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, வாசனையும் சேராது. சோப்பு மிச்சம் நுரையைக் கொன்றுவிடும். சமையல் சோடா போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். துடைக்கும் துணியின் வாடைகூட உள்ளே போகும்.

கூடவே தண்ணீர், உப்பும் வெண்ணெயும் இல்லாத சாதா பிரெட், ஒரு நோட்டு, பேனா. அவ்வளவுதான்.

திறப்பதும் ஊற்றுவதும்

சேசோனில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு சாதாரண லாகரைவிட அதிகம். அடைத்த இடம் சமவெளி, திறக்கும் இடம் மலை. வெளியே அழுத்தம் குறைந்திருப்பதால் மூடி கழன்றதும் வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். ஆகவே நன்றாகக் குளிரவைத்துத்தான் திறக்க வேண்டும். குளிர்ந்த திரவம் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் 4, 5 டிகிரிக்கு இறக்கி, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் வைத்துத் திறப்பது உத்தமம். கார்க் போட்ட பாட்டில் என்றால் கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள், யார் முகத்தையும் பார்த்து நீட்டாதீர்கள்.

திறந்ததும் பாதி பாட்டில் பொங்கி வழிந்தால் உயரம் மட்டும் காரணமாக இருக்காது. நொதித்து முடியுமுன் அடைத்திருக்கலாம், அல்லது வேண்டாத கிருமி உள்ளே வேலை செய்திருக்கலாம். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், ருசித்துப் பார்த்தபின் எது என்று தெரிந்துவிடும். பொங்கியும் சுவை சுத்தமாக இருந்தால் முதலாவது. புளிப்பும் காடி வாடையும் சேர்ந்து வந்தால் இரண்டாவது.

கிளாஸைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். ஆளுக்கு 90 மில்லி போதும். முதல் சுற்றில் அடிமண்டியைக் கலக்காமல் தெளிவாக ஊற்றுங்கள். கடைசி கால் பாட்டிலை மெல்லச் சுழற்றி மண்டியோடு தனி கிளாஸில் எடுத்து வையுங்கள். ஈஸ்ட் சேர்ந்தது பிரெட் வாசனையும் கொஞ்சம் கூடுதல் கசப்பும் தரும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பாடம்.

கண்

இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். வைக்கோல் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை இருக்கும். கருத்த சேசோனும் உண்டு. லேசான கலங்கல் குறையல்ல. நுரை உயரமாக, வெள்ளையாக, அடர்த்தியாக எழுந்து நிற்க வேண்டும், குறையக் குறையக் கிளாஸ் ஓரத்தில் வலைபோல ஒட்டிக்கொள்ள வேண்டும். மலையில் நுரை எழுவது அதிகம், சீக்கிரம் வாயு போய்விடுவதும் அதிகம். அதனால் உயரத்தைப் பார்த்து மயங்காமல், சில நிமிடம் கழித்து மேலே ஒரு படலமாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

மூக்கு

சேசோனை மதிப்பிடும் வேலையில் பாதி இங்கேதான். அவசரப்பட்டால் நட்டம்.

முதலில் கிளாஸை மூக்குக்கு அரை அடி தள்ளிப் பிடித்துக் கடந்து போக விடுங்கள். எது முதலில் வந்ததோ அதை யாரிடமும் சொல்லாமல் எழுதுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் முதலில் வாய் திறப்பவர் "வாழைப்பழம்" என்று சொல்லிவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் வாழைப்பழம்தான் மணக்கும். அப்புறம் மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ச் சின்னச் சின்னதாக மூன்று நான்கு முறை மோந்து பாருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும். பிறகு உள்ளங்கையால் வாயை மூடிக் கிளாஸைச் சுழற்றி, கையை எடுத்ததும் மோந்து பாருங்கள். இடையில் மூக்கைப் புதுப்பிக்க உங்கள் சட்டைக் கையையே மோந்தால் போதும்.

ஃப்ரிட்ஜ் குளிரில் வாசனை முடங்கிக் கிடக்கும். 7 முதல் 12 டிகிரிக்குள் வந்ததும் விரியும். சென்னையில் கிளாஸ் தானாகவே சூடேறிவிடும்; ஊட்டி டிசம்பர் இரவில் ஏறாது. இரண்டு உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். சூடேற ஏற மூன்று முறை மோந்து மூன்று முறை எழுதுங்கள்.

எதைத் தேடுவது? நல்ல செய்தி, பாடம் படிக்க வேண்டிய வாசனைகள் எல்லாம் நம் மலைச் சந்தையிலேயே கிடைக்கின்றன. பர்லியார் பக்கத்துக் கிராம்பை ஒன்றிரண்டு நசுக்கி மோந்து வையுங்கள். ஈஸ்ட் உண்டாக்கும் 4-வினைல் குவாயகால் அந்த வாசனை. தாண்டிக்குடி மிளகை இடித்து மோந்தால் சேசோனின் அடையாளமான மிளகு வாசனை புரியும். கீழ்ப்பழனி மலையின் கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி மோந்து பாருங்கள். விருப்பாச்சி மலைவாழை ஒன்றை உரித்து மோந்தால் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர் (பழவாசனைச் சேர்மம்) என்னவென்று தெரியும். ஊட்டிப் பேரிக்காய், காய்ந்த புல், எலுமிச்சம்புல் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றைக் கிண்ணங்களில் போட்டு மூடிவைத்து, பீருக்கு முன்னால் ஒரு சுற்று மோந்துவிட்டால் பெயர் சொல்லும் தடுமாற்றம் பாதி போய்விடும்.

நல்ல சேசோனில் மிளகும் ஆரஞ்சு-எலுமிச்சையும் பேரிக்காயும் முன்னால் வரும். பின்னால் புல், மூலிகை போன்ற ஹாப்ஸ் மணமும், பிரெட் போன்ற தானிய மணமும் மெலிதாக இருக்கும். கிராம்பும் வாழைப்பழமும் தூக்கலாக நின்றால் அது ஜெர்மன் கோதுமை பீர் பக்கம் சாய்கிறது. குடிக்க நன்றாக இருக்கலாம், சேசோன் என்ற வகையில் மதிப்பெண் குறையும். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் அள்ளிப்போட்டு மிளகு வாசனையை வரவழைக்கப் பார்க்கும் புரூவரிகளும் உண்டு. மசாலா போடுவது தப்பில்லை. ஆனால் ஈஸ்ட் செய்ய வேண்டியதை மளிகைக் கடை செய்தால் எனக்கு ஒப்பாது. ஹோகார்டன் கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதில் கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் நேரடியாகப் போட்டது. அந்த மணத்துக்கும் ஈஸ்ட் தரும் மணத்துக்கும் உள்ள வித்தியாசம் உடனே பிடிபடும்.

வாய்

ஒரு மடக்கு எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். துப்ப வேண்டாம், பீரின் கசப்பு தொண்டையருகே, விழுங்கிய பிறகுதான் முழுதாகத் தெரியும். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முன்னால் மோந்ததைவிட வேறு வாசனைகள் அப்போது வரும்.

இரண்டாவது மடக்கில் வரிசையைக் கவனியுங்கள். முதல் கணத்தில் லேசான தானிய இனிப்பும் பழச்சாயலும் வரலாம். நடுவில் மிளகுக் காரமும் குமிழியின் குறுகுறுப்பும். கடைசியில் கசப்பு எழுந்து, இனிப்பை முழுக்கத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். விழுங்கிப் பத்து எண்ணுங்கள். உதட்டை நக்கிப் பாருங்கள். ஒட்டுகிறதா? ஒட்டினால் அது முழுக்க நொதித்த சேசோன் இல்லை. வாயில் எச்சில் ஊறி அடுத்த மடக்குக்குக் கை தானாகப் போகிறதா? போனால் உலர்வு சரியாக இருக்கிறது. வாசனை எவ்வளவு அழகாக இருந்தாலும், கடைசியில் இனிப்பு தங்கிவிட்டால் நான் இரக்கமே காட்டமாட்டேன்.

உலர்வையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அடிக்கடி நடக்கும் தடுமாற்றம் இது. நீலகிரித் தேயிலையைப் பால் இல்லாமல் பத்து நிமிடம் ஊறவிட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிக்கும், அது துவர்ப்பு. பீரில் அது வந்தால், தானியத்தை அலசும் தண்ணீர் அளவு மீறிச் சூடாகி உமியின் டானின் இறங்கியிருக்கலாம். உலர்வு என்பது இனிப்பு இல்லாமை. அதில் வாய் இறுகாது, சுத்தமாகும்.

புளிப்பு? லேசான துடிப்பு இருக்கலாம். மோர் அளவுக்குப் புளித்தால் லேபிளில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். லாக்டோ பாக்டீரியா சேர்த்து வேண்டுமென்றே புளிக்கவைக்கும் பண்ணைவீட்டு பீரை அமெரிக்காவின் சிறு புரூவரிகள் நிறையச் செய்கின்றன. சேசோனுக்கு அது கட்டாயமில்லை.

உடல்கனம் மெலிதாக இருக்க வேண்டும். 6.5 சதவீதம் ஆல்கஹால் இருந்தும் அதைவிடக் குறைவுபோலத் தெரிந்தால் காய்ச்சியவர் கெட்டிக்காரர். பீர் 13, 14 டிகிரிக்குச் சூடேறிய பிறகு கடைசி மடக்கை எடுங்கள். தொண்டையில் சாராயச் சூடு எரிந்தாலோ நெயில் பாலிஷ் வாடை வந்தாலோ நொதித்தலின் ஆரம்பத்தில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தவில்லை. ஈஸ்ட்டுக்கு வெயில் பிடிக்கும் என்பதற்காக முதல் நாளே அடுப்பில் வைத்த மாதிரி விடக்கூடாது.

குணமா, குறையா

"பண்ணைவீட்டு பீர் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தப்பிக்கும் இடம் இதுதான்.

முதலில் பண்ணை வாசனை. கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகள் நிற்கும் இடத்தைக் கடந்து போயிருப்பீர்கள்: சேணத்தோல், காய்ந்த புல், குதிரையின் வியர்வை. பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் 4-எத்தில் ஃபீனால் உண்டாக்கி அந்த வாசனையைத் தரும். லேபிளில் அந்த ஈஸ்ட்டின் பெயரை (சுருக்கமாக Brett) போட்டிருந்து, பழவாசனைக்குப் பின்னால் அது அளவோடு இருந்தால் குணம். போடாமலே வந்தால் கிருமித் தொற்று. போட்டிருந்தும் குதிரை மட்டுமே நின்று மற்றதெல்லாம் மறைந்தால், அதுவும் குறைதான். துபோன் பாணி சேசோனில் குதிரையே வேண்டாம்.

வேகவைத்த சோள வாடை வந்தால் டைமெத்தில் சல்ஃபைடு. ஊட்டி ஏரிப் பக்கம் வண்டியில் சோளம் அவிக்கும்போது வரும் அதே வாடை. மால்ட் சாற்றைக் கொதிக்கவிடும்போது ஆவியோடு வெளியேற வேண்டியது இது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடுவதால், இங்கே காய்ச்சுகிறவர் கூடுதல் நேரம் கொதிக்கவிட்டால்தான் இது போகும். ஹாப்ஸிலிருந்து கசப்பு இறங்குவதும் அந்த வெப்பத்தில் மெதுவாகத்தான்.

வெண்ணெய், பட்டர் பிஸ்கட் வாசனையோடு நாக்கில் வழுக்கல் இருந்தால் டைஅசிட்டைல். சேசோனில் துளியும் கூடாது. பச்சை ஆப்பிள் அல்லது நறுக்கிய பூசணி வாடை, பீர் முதிரும் முன்பே எடுத்துவிட்டதைச் சொல்லும் அசிட்டால்டிஹைடு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை, ஆக்சிஜன் பட்டுப் பழசாகிவிட்டது. காடி வாடை மூக்கைக் குத்தினால் அசிட்டிக் அமிலம். கெட்ட பூண்டும் ரப்பரும் கலந்த வாடை வந்தால் பாட்டில் வெயிலில் நின்றிருக்கிறது.

கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் ஃபீனால் என்ற வாசனைச் சேர்மங்கள். கிராம்பும் மிளகும் ஃபீனால்தான். பிளாஸ்திரி, ஆஸ்பத்திரி வாடையும் ஃபீனால் குடும்பம்தான். குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்காமல் காய்ச்சினால் கிராம்பு இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்திரி வந்து உட்காரும். "காரமான ஃபீனாலிக் குணம்" என்று மெனுவில் அழகாக எழுதி விற்றாலும் பிளாஸ்திரி பிளாஸ்திரிதான்.

சந்தேகம் வந்தால் ஒரு வழி: அந்த வாசனை பீர் சூடேறும்போது மற்ற வாசனைகளோடு கலந்து அடங்குகிறதா, அல்லது தனியாகப் பெருகிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் குணம் கலக்கும், குறை பெருகும். நூற்றுக்கு நூறு விதி என்று சொல்லமாட்டேன், பெரும்பாலும் கைகொடுக்கும்.

மதிப்பெண்

பி.ஜே.சி.பி. தாளில் மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. 45 முதல் 50 அபாரம், 38 முதல் 44 மிகச் சிறப்பு, 30 முதல் 37 மிக நன்று, 21 முதல் 29 நன்று. 14 முதல் 20 சுமார். அதற்கும் கீழே போனால் குடிக்கவே கஷ்டம்.

ஒரு பாட்டிலை வைத்துப் போட்டுப் பார்ப்போம். பொன்னிறம், லேசான கலங்கல், நுரை நிற்கிறது. தோற்றம் 3. மோந்தால் மிளகும் கமலா ஆரஞ்சும் வருகின்றன, சூடேறியதும் வாழைப்பழம் மேலே ஏறி மற்றதை மறைக்கிறது. வாசனை 8. சுவையில் தொடக்கம் நன்றாக இருக்கிறது, கசப்பும் அளவு, ஆனால் விழுங்கியபின் உதட்டில் மெல்லிய ஒட்டல். சுவை 13. குமிழி துள்ளல், மெலிந்த உடல், சூடு இல்லை. தன்மை 4. இன்னொரு கிளாஸ் கேட்பேனா? கேட்பேன், ஆனால் தேடிப்போக மாட்டேன். ஒட்டுமொத்தம் 6. கூட்டினால் 34. மிக நன்று என்ற வரிசையில் வருகிறது, எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதாவிட்டால் அந்தத் தாளால் யாருக்கும் பயனில்லை. "நல்லாயிருக்கு", "சுமார்" என்று எழுதாமல், எந்த நொடியில் எது வந்தது, எது வரவில்லை என்று எழுதுங்கள். காய்ச்சியவரிடம் காட்டினால் அவருக்கு அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும் என்று தெரிய வேண்டும். ஊரின் உயரம், அறையின் குளிர், பாட்டில் அடைத்த தேதி மூன்றையும் தாளின் தலையில் போட்டுவிடுங்கள். அதே பீரைக் கோயம்புத்தூரில் குடித்தவரின் தாளோடு ஒப்பிடும்போது அது உதவும்.

எல்லோரும் எழுதி முடித்த பிறகே பேச்சு. ஒருவருக்கொருவர் 7 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி ஊற்றி, சண்டையில்லாமல் திரும்ப ருசியுங்கள்.

தொட்டுக்கொள்ள, அப்புறம் பாட்டில்

மதிப்பீடு முடிந்த பிறகு சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள். சேசோன் உலர்ந்து, குமிழி நிறைந்திருப்பதால் எண்ணெயையும் கொழுப்பையும் வெட்டும். கொடைக்கானல் சீஸ், மிளகு தூக்கலாகப் போட்ட கோழி வறுவல், படுகர் வீட்டு அவரைக் குழம்பு எல்லாம் ஒத்துப்போகும். மலைப்பூண்டு போட்ட காரச் சட்னி வேண்டாம். மிளகாய்க் காரத்தைக் குமிழி இன்னும் கிளறிவிடும்.

வண்டி ஓட்டுகிறவர் ருசிக்கும் மேஜையில் இருக்கக்கூடாது, 90 மில்லி என்றாலும். இரவு தங்க இடம் இருந்தால் மட்டும் திறங்கள். காட்சிமுனையிலும் காட்டோரத்திலும் உட்கார்ந்து குடிப்பது சட்டப்படியும் குற்றம். உடைந்த கண்ணாடி யானையின் காலிலும் காட்டெருமையின் காலிலும் ஏறுகிறது. அதனால்தான் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கிறது. வெளியூரில் வாங்கிய சேசோன் பாட்டிலுக்கு அந்தப் பத்து ரூபாய் கிடைக்காது. அலசி, பெட்டியில் போட்டு, இறங்கும்போது கூடவே கீழே எடுத்துப் போய்விடுங்கள்.